மூன்றாவது துண்டு

ஒரு வட்டத்திலிருந்து ஒரு துண்டை வெளியே இழுத்துக் காட்ட எனக்கு நாற்பது நொடி போதும். புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை எங்கே கிடைக்கிறது என்று நீங்கள் சொன்னால் நாளைக்கே போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.

என் பெயர் சமீனா. ஊர் கம்பம். பன்னீர் திராட்சை விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. நிறுவனம் என்று யாரும் சொல்வதில்லை, சங்கம் என்றுதான் சொல்வார்கள். பங்கு வைத்திருப்பவர்கள் இருநூறு பேருக்கு மேல். ஆனால் அத்தனை பேரும் வயிறெரிந்தது ஏழே ஏழு பேரைப் பார்த்துத்தான். கேரளாவில் பழச்சாறு தயாரிக்கும் கம்பெனி ஒன்று, பூச்சி மருந்து குறைவாக அடித்த பழம் வேண்டும் என்று ஏழு தோட்டங்களை மட்டும் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. பட்டியலில் இருப்பவருக்கு விலை முன்கூட்டியே முடிவாகிவிடும். இல்லாதவர் கமிஷன் மண்டியில் போய் நின்று, அவர்கள் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டும்.

பட்டியலில் முதல் பெயர் சங்கத் தலைவர் சுருளிராஜன். சேர்மன் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாவது அவருடைய தம்பி ஆதித்தன். மூன்றாவது சுருளிப்பட்டி மாரீஸ்வரி. நான்காவது என் அண்ணன் உமர் பாருக். ஐந்தாவது ஜெபராஜ். அதற்குப் பிறகு இரண்டு பேர் உண்டு, அவர்களால் இந்தக் கதைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பட்டியலில் சேர்ந்த வரிசையில் போட்ட பெயர்கள் இவை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அத்தா மவுத்தானபோது நான் பிளஸ் டூ. அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தார். இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல், அதில் வருஷத்துக்கு மூன்று வெட்டு பழம், அதிலிருந்துதான் என் கல்லூரி, என் பஸ் பாஸ், நான் கட்டியிருக்கிற கைக்கடிகாரம் எல்லாம். இதைச் சொல்வது உங்கள் கண்ணீருக்காக இல்லை. பின்னால் நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் ஆனி மாதம் சேர்மன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் லேப்டாப்பை வைக்கச் சொன்னார்.

“கேரளாவுல இருந்து சேட்டன் போன் பண்ணாக. டிரே டிரேயா ரிட்டன் வருதாம், மருந்து கூடுதலா இருக்காம். இனி ஏழு பேரு வேணாமாம், ஆறு பேரு போதுமாம். யாரை நீக்கறதுன்னு நம்ம பொதுக்குழுவே முடிவு பண்ணிச் சொல்லணுமாம்.”

சேட்டன் என்பது அந்தக் கம்பெனியின் கொள்முதல் ஆள். அவருடைய சொந்தப் பெயரைச் சங்கத்தில் யாரும் கேட்டதில்லை.

யாருடைய டிரே எவ்வளவு திரும்பி வந்தது என்பது என்னிடம் இருந்தது. அதை வட்டப் படமாகவும் போட்டு வைத்திருந்தேன். சங்கத்தில் அதற்குக் கேக்குப் படம் என்று பெயர். திரும்பி வந்த நூறு டிரேயில் ஆதித்தனுடையது இருபத்தேழு. சேர்மனுடையது இருபத்தொன்று. மாரீஸ்வரி பதினான்கு. என் அண்ணன் பதின்மூன்று. மற்றவர்கள் அதற்கும் கீழே.

சேர்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதுல ஆதித்தன் துண்டு பெருசாத் தெரியுதேம்மா.”

“பெருசுதான் சார்.”

“பெருசா இருக்கட்டும். பெருசாத் தெரியணுமான்னு கேக்குறேன்.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“பொய்யி சொல்லச் சொல்லலம்மா. நம்பரத் தொடவே தொடாத. பேப்பர்லயெல்லாம் போடுறாகள்ல, ஒரு துண்ட மட்டும் தனியா வெளிய இழுத்து வச்சு? அப்படி ஒண்ணு இழுத்துக் குடு.”

“எந்தத் துண்டை சார்?”

அவர் விரல் நேராகப் பதினான்கின் மேல் வந்து நின்றது.

காரணம் எனக்குத் தெரியும். ஆதித்தன் பூச்சி மருந்துக் கடை வைத்திருக்கிறார். முந்தைய கூட்டத்தில் மாரீஸ்வரி மைக்கைப் பிடுங்கி, “மருந்து கம்மியா அடிங்கன்னு சொல்ற சங்கத்துல மருந்துக் கடைக்காரருக்கு என்னங்க வேல?” என்று கேட்டிருந்தார். மண்டபமே சிரித்தது. சமோசா கொடுத்துக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான். ஆதித்தன் அங்கேயே கோபப்பட்டிருந்தால் அதோடு போயிருக்கும், அவரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாகிவிட்டது, அதைத்தான் அண்ணன் தம்பி இருவரும் மறக்கவில்லை.

“சார், மாரீஸ்வரி அக்காவோடது பாதிதான் இருக்கு” என்றேன்.

சேர்மன் என்னை அன்பாகப் பார்த்தார். பிறகு திரையில் விரலை எடுக்காமலே ஒரு இணுக்கு நகர்த்திப் பதின்மூன்றின் மேல் வைத்தார்.

“வேணும்னா இத இழுப்பமா? ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான இருக்கு.”

அந்த நிமிஷம் நான் யோசித்தது மாரீஸ்வரியைப் பற்றி இல்லை. அண்ணன் காலையில் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து நடப்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. “இல்ல சார், மொத சொன்னதையே பண்ணிடறேன்” என்றேன். சொல்ல எனக்கு நாற்பது நொடிகூடப் பிடிக்கவில்லை.

நான் படம் போடுகிற புள்ளியியல் மென்பொருளில் இதற்கு எக்ஸ்ப்ளோட் என்று பெயர். வெடிக்க வைப்பது. இழுக்க வேண்டிய ஆளின் பெயரை அது கேட்காது. பட்டியல் வரிசையில் எத்தனையாவது துண்டு என்று எண்ணைத்தான் கேட்கும். மூன்று என்று அடித்தேன். வட்டத்திலிருந்து ஒரு துண்டு நழுவி வெளியே வந்து நின்றது. அதற்குச் சிவப்பு கொடுத்தேன். மற்ற ஆறுக்கும் வெளிறிய பச்சை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி. பிறகு வட்டத்தைத் திருப்பிச் சிவப்புத் துண்டை முன்பக்கம் கொண்டுவந்தேன். கடைசியாக வட்டத்தைப் பின்னால் சாய்த்துக் கனம் கொடுத்தேன். சாய்த்தால் முன்னால் இருப்பது தடித்துத் தெரியும், பின்னால் இருப்பது தட்டையாகிவிடும். ஆதித்தனுடைய இருபத்தேழு பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

இதெல்லாம் செய்யக் கூடாது என்றுதான் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். செய்யக் கூடாததைச் சொல்லிக் கொடுக்கும்போது செய்வதையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஒரு எண்ணையும் தொடவில்லை. ஒவ்வொரு துண்டின் மேலும் அதனதன் சதவீதம் பொடி எழுத்தில் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரு சின்ன புரோகிராமாக எழுதி வைத்தேன். “இனி வருஷா வருஷம் புது டேட்டாவப் போட்டு ஒரு பட்டனத் தட்டுனாப் போதும் சார், படம் தானா வந்துரும்” என்று சேர்மனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் எதுவாக இருந்தாலும் பிளெக்ஸ் அடித்தாக வேண்டும். காதுகுத்து, கட்சி, கருமாதி எல்லாவற்றுக்கும். படத்தை வாங்கிய பிளெக்ஸ் கடை செல்வின், சும்மா வட்டத்தை மட்டும் எப்படி அடிப்பது என்று அவனாகவே ஒரு பக்கம் சேர்மன் கும்பிடுகிற போட்டோ, நான்கு மூலையிலும் ரோஜாப்பூ, மேலே ‘தரத்தில் சமரசம் இல்லை’ என்று எழுதிச் சேர்த்துவிட்டான். எட்டடிக்கு ஆறடி. கம்பத்தில் ஒன்று, சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப்பில் ஒன்று. சிவப்புத் துண்டில் மாரீஸ்வரி என்ற பெயர் பஸ்ஸில் போகிறவனும் படிக்கிற மாதிரி இருந்தது. பொடி எழுத்துச் சதவீதம் அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை.

பொதுக்குழு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடைத் திரையில் அதே படத்தைப் பெரிதாகப் போட்டேன். சேர்மன் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. “படம் இருக்கு, பாருங்க. முடிவு உங்களோடது” என்று உட்கார்ந்துவிட்டார். கெட்டிக்காரர்.

மாரீஸ்வரி எழுந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் திருப்பூரில், தோட்டம் முழுக்க அவர் கையில். அன்றைக்கு மைக் கொடுக்கவில்லை, தேவையும் இல்லாத குரல் அது.

“ஏங்க, எனக்குப் பதினாலு, ஆதித்தனுக்கு இருவத்தேழுன்னு அதுலயே போட்டிருக்கே. எது பெருசு? யாராவது சொல்லுங்க.”

“பெருசு சிறுசுங்கறது இருக்கட்டும் ஆத்தா. தனியா நிக்கிறது நீதான” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“இழுத்து விட்டா யாரும்தான் தனியா நிப்பாக.”

“ஒண்ணுமில்லாமயா இழுப்பாக?”

மண்டபம் சிரித்தது. போன தடவை அவருக்காகச் சிரித்த அதே மண்டபம்தான். மாரீஸ்வரி என் பக்கம் திரும்பினார். நான் மேடை ஓரத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தேன்.

“ஏத்தா சமீனா, நீ படிச்ச புள்ள. இத நீதான போட்ட? நான் என்ன தப்புப் பண்ணேன், நீயே சொல்லு.”

முன்வரிசையில் அண்ணன் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவரும் வாய் திறக்கவில்லை.

“படத்துல இருக்கறதுதான்க்கா. நம்பரெல்லாம் சரியா இருக்கு” என்றேன்.

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். மாரீஸ்வரி பட்டியலிலிருந்து போனார்.

பட்டியலிலிருந்து போனால் மண்டிக்குப் போகலாம் என்று சொன்னேன் அல்லவா? அதுவும் நடக்கவில்லை. மண்டிக்காரர்களும் பஸ் ஸ்டாப் வழியாகத்தான் போகிறார்கள். “இது மருந்துப் பழம், பிளெக்ஸ்லயே போட்டிருக்காக” என்று பாதி விலைக்குக் கேட்டார்கள். ஒரு வெட்டு அப்படிப் போனது. அடுத்த வெட்டுக்குப் பழம் பறிக்க ஆள் வரவில்லை, கொடியிலேயே வெடித்து எறும்பு மொய்த்தது. தை மாதம் அவர் கொடியை அடியோடு வெட்டிவிட்டார். பந்தலுக்கு ஊன்றியிருந்த கல்தூண்களையும் கம்பியையும் ஒரு லாரிக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். தெரிந்தவர்கள் எனக்கு வந்து சொன்னார்கள். ஏன் என்னிடம் வந்து சொல்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

மாசி மாதம் ஏதோ பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாரீஸ்வரி அலுவலகத்துக்கு வந்தார். போட்டுவிட்டுப் போகவில்லை. என் மேஜைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தப் படத்தக் காட்டு புள்ள.”

காட்டினேன். சிவப்பு, முன்பக்கம், கனமாக.

“இத திருப்பி உள்ள தள்ள முடியுமா?”

“முடியும்க்கா.”

“தள்ளு பாப்பம்.”

மூன்று என்ற எண்ணை அழித்தேன். சாய்வை எடுத்தேன். நிறத்தை எல்லாருக்கும் பொதுவாக மாற்றினேன். சிவப்புத் துண்டு மெதுவாகப் போய் வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. ஆதித்தனுடைய துண்டு கால்வாசிக்கு மேல் விரிந்து கிடந்தது, அதற்கடுத்து சேர்மனுடையது. மாரீஸ்வரியுடையதையும் என் அண்ணனுடையதையும் எது எது என்று பெயரைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுத்தானா” என்றார். எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகக் கோபம் வந்தது. என்னை என்ன செய்யச் சொல்கிறார் இந்தப் பொம்பளை? நானா பட்டியல் போட்டேன், நானா கை தூக்கினேன்? மென்பொருளை மூடப்போனேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். வேறு எதையும் யோசித்து அழுத்தவில்லை, அந்த முழு வட்டம் என் கண்ணில் மறுபடி படக் கூடாது என்றுதான்.

இந்த வருஷம் ஆனி மாதம். பொதுக்குழுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது தேனியில் மூன்று நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். அலுவலக உதவியாளர் வினோத்ராஜிடம், “பழைய பட்டியல்ல மாரீஸ்வரி வரியை எடுத்துட்டு, இந்த வருஷ எண்ணைப் போட்டு, பட்டனத் தட்டு. வர்ற படத்த செல்வினுக்கு அனுப்பிரு” என்று சொல்லிவிட்டுப் போனேன். அவனும் தவறாமல் செய்தான். ஒரு வரியை எடுத்தான், ஆறு எண் போட்டான், தட்டினான், அனுப்பினான்.

மூன்றாவது வரியை எடுத்துவிட்டால் நான்காவது வரி மேலே ஏறி மூன்றாவதாகிவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

பயிற்சியின் கடைசி நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. அனுப்பியது மதீனா மச்சி, அண்ணன் மனைவி. சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப். ரோஜாப்பூ, கும்பிடுகிற சேர்மன், நடுவில் வட்டம். முன்பக்கம் கனமாகச் சிவப்பாக ஒரு துண்டு, அதில் உமர் பாருக் என்று பெயர். அடியில் மச்சி ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தார்: “ஏன் புள்ள?”

சோற்றை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். தேனியிலிருந்து கம்பம் வரை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆதித்தன் முப்பத்து நான்கு. சேர்மன் இருபத்தாறு. ஜெபராஜ் பதினான்கு. அண்ணன் வெறும் ஒன்பது. அந்த வருஷம் மருந்தை இன்னும் குறைத்து, இலையைக் கையால் கிள்ளிக் கிள்ளி, முதுகு போன ஒன்பது அது.

நேராகச் சேர்மன் அறைக்குப் போனேன். “சார், தப்பாயிருச்சு. பிளெக்ஸ எறக்கச் சொல்லுங்க. அது எங்கண்ணன் தப்பில்ல, வரிசை மாறிருச்சு.”

எப்படி மாறியது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புரிந்ததும் அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“இப்ப எறக்குனா, ஏன் எறக்குனாகன்னு கேப்பாகள்ல? போன வருஷம் எப்படி ஏறுச்சுன்னும் கேப்பாக. அப்ப யாரு பதில் சொல்றது, நானா நீயா? நான் ஒரு நம்பரையும் தொடலம்மா. நீதான் படம் போட்ட.”

“கூட்டத்துல நான் எந்திரிச்சு சொல்லிருவேன் சார்.”

“சொல்லேன்” என்றார்.

மறுநாள் கூட்டத்துக்குச் சேட்டனும் வந்திருந்தார். வரும் வழியில் பஸ் ஸ்டாப்பில் காரை நிறுத்திப் பார்த்தாராம். மேடையில் மைக்கைப் பிடித்து, “இந்த வருஷம் நமக்கு அஞ்சு பேரு மதி, போதும். ஆரை நீக்கணும்னு நான் சொல்லணுமோன்னு யோசிச்சிட்டு வந்தேன். நீங்களே ஆளைக் கண்டு வெச்சிட்டுண்டு, நல்ல காரியம்” என்றார். கூட்டம் கை தட்டியது. தட்டியவர்கள் சிலருக்கு எதற்குத் தட்டுகிறோம் என்றே தெரியாது.

அண்ணன் எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏம்மா சமீனா, எனக்கு வெறும் ஒம்பதுதான போட்டிருக்கு? நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?”

நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்து விடுவதற்கும் தப்புக்கும் சம்பந்தமே இல்லை. அது மூன்றாவது துண்டு என்று கணக்கு. யார் மூன்றாவதாக நின்றாலும் இழுக்கும். போன வருஷம் மாரீஸ்வரி அக்கா மூன்றாவது, அவரை எடுத்ததால் அண்ணன் மூன்றாவதாகிவிட்டார். போன வருஷமும் இழுக்கச் சொன்னதால்தான் இழுத்தேன். யார் சொன்னார்கள் என்பதையும் சொன்னேன்.

சேர்மன் மெதுவாக மைக்கை எடுத்தார்.

“கூடப் பெறந்த அண்ணன். பாசம் பேசுது. நான் தப்புச் சொல்ல மாட்டேன்” என்றார். பிறகு கூட்டத்தில் கண்ணை ஓட்டி, “மாரீஸ்வரி வந்திருக்காகளா? அவுக பேரையும் இழுத்திருக்கு. அவுகளே சொல்லட்டும்” என்றார்.

மாரீஸ்வரி பின்வரிசையில் இருந்தார். பங்கு இன்னும் இருந்ததால் வந்திருந்தார். எனக்கு உயிர் வந்தது. சேர்மனை விட்டால், இந்த மண்டபத்தில் நான் சொல்வது உண்மை என்று நெஞ்சறியத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நான் துண்டை உள்ளே தள்ளியதைக் கண்ணால் பார்த்தவர். நான் சொன்னது நின்றால் அவர் மேலிருக்கிற பழியும் போகும். “அக்கா, சொல்லுங்கக்கா” என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

மாரீஸ்வரி எழுந்தார். திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேல் கண் கொஞ்சம் கூடுதலாக நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

“எம் பந்தக்காலு கல்லு வரைக்கும் வித்தாச்சு. இனி எனக்கு எது வந்தா என்ன?” என்றார். “படத்துல இருக்கறதுதான் புள்ள. நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னார்கள். மாரீஸ்வரியும் தூக்கினார்.

அண்ணன் அதற்குப் பிறகு என்னுடன் சண்டை போடவில்லை. போடாததுதான் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அந்தம்மா போன வருஷம் கேட்டப்பவே நீ சொல்லிருக்கலாம்” என்றார். “நீங்களும் கேட்டிருக்கலாம்ல?” என்றேன். மச்சி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் பழத்துக்கு இப்போது மண்டிக்காரர்கள் சொல்கிற விலைதான். என் சம்பளத்தில்தான் இப்போது வீடு ஓடுகிறது, அதனால் வேலையை விடவில்லை. சேர்மனும் போகச் சொல்லவில்லை. என்னைப் போல ஒருத்தி அவருக்கு வேறு எங்கே கிடைப்பாள்?

கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, பட்டியலைத் திருத்த உட்கார்ந்தேன். அப்போது ஜெபராஜ் வந்தார். ஐந்தாவது பெயர் என்று சொன்னேனே, அவர். ஒரு பையில் நாட்டு வாழைப்பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த வருஷம் நாலு பேரு போதும்னு சொல்வாக போலம்மா.”

“தெரியலண்ணே.”

“அந்த மூணாவது துண்டு... அண்ணன எடுத்தாச்சுன்னா, இப்ப மூணாவது யாரு?”

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். “அன்னைக்கு நான் சொன்னது ஒங்களுக்குப் புரிஞ்சுச்சா?”

“எல்லாருக்குந்தான் புரிஞ்சுச்சு” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. “இழுத்தது எங்க பேரு இல்ல. அதான் யாரும் பேசல. எம் பேர மட்டும் ஒரு எடம் கீழ எறக்கிப் போட முடியாதாம்மா? ஒன்னால முடியும்ல?”

முடியும். அதற்கு நாற்பது நொடிகூட வேண்டாம். மூன்று என்ற எண்ணையே அழித்துவிட்டால் யாரும் எங்கேயும் தனியாக நிற்க மாட்டார்கள். அவர் கண் கலங்கியிருந்தது. கூட்டத்தில் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தபோது இந்த மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

“பயப்படாதீங்கண்ணே. நம்பரெல்லாம் சரியா இருக்கும்” என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அண்ணனுடைய வரியை நீக்கினேன். ஜெபராஜ் பெயர் ஒரு படி மேலே ஏறி நின்றது. மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.